மனம் எதற்குப் பழகும், எதற்குப் பழகாது?

தீக்காயப் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியங்கள் இரண்டு. "இனிமேல் என் வாழ்க்கையில் சந்தோஷம் என்பதே கிடையாது" என்று காயம்பட்டவர் சொல்கிறார். "வீட்டுக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று உடனிருப்பவர் சொல்கிறார். முன்னது அச்சத்தில் பிறந்தது. பின்னது அன்பில் பிறந்தது. ஆயினும் இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை. வரப்போகும் நாள்களில் மனம் எவ்வாறு இருக்கும் என்று இன்றே செய்யப்படும் கணிப்புகள் அவை.

இத்தகைய கணிப்புகள் எந்த அளவுக்குப் பலிக்கின்றன என்பதை உளவியலாளர்கள் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். சில இழப்புகளுக்கு மனிதர்கள் தாம் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பழகிக்கொள்கின்றனர். வேறு சில துன்பங்களோ காலம் சென்றாலும் தாமாகக் குறைவதில்லை. இதுவே அந்த ஆய்வுகளின் சாரம். எது எந்த வகை என்று அறிந்துகொண்டால், நோயாளரும் குடும்பத்தாரும் தம் ஆற்றலையும் பணத்தையும் எங்கே செலவிட வேண்டும் என்பது தெளிவாகும். எம். புதுப்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம், மானாவாரி நிலம் ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பங்களை மனத்தில் கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பரிசுச் சீட்டும் விபத்தும்

1978 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் பிலிப் பிரிக்மனும் அவருடைய உடன் ஆய்வாளர் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இல்லினாய் மாநிலப் பரிசுச் சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால்களோ கைகால்கள் நான்குமோ செயலிழந்த 29 பேரையும், இவ்விரண்டும் நேராத 22 பேரையும் அவர்கள் சந்தித்தனர். இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்று கேட்டு, 0 முதல் 5 வரை மதிப்பிடச் செய்தனர்.

பரிசு வென்றவர்களின் சராசரி 4.00. எதுவும் நேராதவர்களின் சராசரி 3.82. புள்ளியியல் நோக்கில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. விபத்துக்குள்ளானவர்களின் சராசரி 2.96. விபத்தில் முடங்கியவரும் பரிசு வென்றவரும் ஒரே அளவு மகிழ்ச்சியுடன் இருந்தனர் என்று இவ்வாய்வைப் பலர் எடுத்துரைப்பதுண்டு. அது பிழை. விபத்துக்குள்ளானவர்களின் மகிழ்ச்சி தெளிவாகவே குறைந்திருந்தது. ஆனால் விபத்து நடந்து ஓராண்டுக்குள்ளாகவே அது நடுப்புள்ளியான 2.5க்கு மேலே இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நண்பருடன் பேசுதல், காலை உணவு உண்ணுதல், நகைச்சுவை கேட்டல் போன்ற அன்றாடச் செயல்களில் அவர்கள் அடைந்த இன்பம், எதுவும் நேராதவர்களின் இன்பத்தைவிடப் பெரிதும் குறைந்திருக்கவில்லை. வருங்காலத்தில் எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பீர்கள் என்ற கேள்விக்கும் மற்ற இரு பிரிவினரைப் போலவே அவர்கள் நம்பிக்கையுடன் விடையளித்தனர்.

"சந்தோஷம் என்பதே கிடையாது" என்னும் கணிப்பு, இவ்வளவு கடுமையான விபத்திலிருந்து மீண்டவர்களிடையேயும் சராசரியாகப் பலிக்கவில்லை.

கணிப்பு ஏன் தவறுகிறது?

நாம் எதை உற்று நோக்குகிறோமோ அது இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும். டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் ஆகிய இருவரும் 1998 இல் இதைச் சோதித்தனர். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலும், இதமான வானிலைக்குப் பெயர்பெற்ற கலிபோர்னியாவிலும் பயிலும் மாணவர்களிடம் வாழ்க்கை நிறைவைப் பற்றிக் கேட்டனர். கலிபோர்னியாவில் இருப்பவர்களே கூடுதல் மகிழ்ச்சியுடன் இருப்பார்கள் என்று இரு பக்கத்தாரும் கணித்தனர். அவரவர் வாழ்க்கையை அவரவரே மதிப்பிட்டபோதோ இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. கணிக்கும்போது வானிலை ஒன்றே கண்முன் நின்றது. வாழும்போது வானிலை பல பொருள்களில் ஒன்றாகிவிட்டது.

கையில் தீக்காயம் பட்டவருக்கும் இதுவே நேர்கிறது. படுக்கையில் கிடந்து வருங்காலத்தை எண்ணும்போது அவர் கண்முன் கை மட்டுமே நிற்கிறது. அந்த வருங்காலத்தில் காலைத் தேநீர் இருக்கும். பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடக் கதை இருக்கும். பங்குனிப் பொங்கலும், எதிர்பாராமல் பெய்யும் மழையும், பக்கத்து வீட்டுச் சண்டையும் இருக்கும். கணிப்பில் இவை எவையும் இடம்பெறுவதில்லை.

இன்னொன்றையும் கணிப்பு கணக்கில் கொள்வதில்லை. மனமும் உடலும் மாறும் தன்மை உடையவை. இடக்கையால் சட்டைப் பொத்தான் போடக் கை கற்றுக்கொள்கிறது. முன்பு பொருட்படுத்தாத செயல்கள் புதிய இலக்குகளாகின்றன. நேற்று நிற்க இயலாதவர் இன்று பத்து அடி நடந்தால், அவர் மனம் ஒப்பிடுவது நேற்றைய நாளோடுதான். அமெரிக்காவில் கேரி ஆல்பிரெக்ட், பாட்ரிக் டெவ்லிகர் ஆகிய ஆய்வாளர்கள் கடுமையான, நிலைத்த உடற்குறைபாடு உடைய 153 பேரைச் சந்தித்து 1999 இல் எழுதினர். அவர்களுள் 54 விழுக்காட்டினர் தம் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றே கூறினர். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள் என்பதால் ஆய்வாளர்கள் இதனை ஒரு முரண் என்றே குறிப்பிட்டனர்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதியை நாங்கள் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்கிறோம். முதல் சில வாரங்களில் மீட்க இயலாத முடிவு எதையும் எடுக்க வேண்டாம். மகளுக்குப் பேசிய திருமணத்தை நிறுத்துதல், வீட்டையோ நிலத்தையோ அவசரமாக விற்றல், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்புதல், "எதற்கு இனி?" என்று இயன்முறை சிகிச்சையைக் கைவிடுதல் ஆகியவை அனைத்தும் கணிப்பு மிகவும் இருண்டிருக்கும் நேரத்தில் எடுக்கப்படும் முடிவுகள். பணத்தேவையால் ஒன்றைத் தள்ளிப்போட இயலாது என்றால், முடிவெடுக்கும் முன் எங்கள் சமூகப் பணியாளரிடம் ஒருமுறை பேசுங்கள்.

தாமாகக் குறையாத துன்பங்கள்

மனம் பழகிவிடும் என்பது உண்மையின் பாதி மட்டுமே. ஜெர்மனியில் 1984 முதல் ஒரே குடும்பங்களை ஆண்டுதோறும் சந்தித்து விவரம் சேகரித்து வருகின்றனர். அதனைக் கொண்டு ரிச்சர்ட் லூகாஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வுகள் நமக்கு மூன்று செய்திகளைத் தருகின்றன.

முதலாவது, வாழ்க்கைத் துணையை இழந்தவர்களின் மனநிறைவு பழைய அளவுக்கு அருகில் திரும்பச் சராசரியாக எட்டு ஆண்டுகள் ஆயின. "வருஷம் திரும்பிவிட்டது, இன்னும் அழுகிறாளே" என்று உறவினர்கள் சொல்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம். ஓராண்டில் துயரம் தீர வேண்டும் என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. இரண்டாவது, வேலை இழந்தவர்களின் மனநிறைவு, மீண்டும் வேலை கிடைத்த பின்னரும் பழைய அளவை முழுமையாக எட்டவில்லை. மூன்றாவது, நிலைத்த உடற்குறைபாடு அடைந்தவர்களின் மனநிறைவு, பல ஆண்டுகளுக்குப் பின்னரும் முன்பிருந்ததைவிடச் சராசரியாகக் குறைவாகவே இருந்தது.

மூன்றாவது செய்தி, மேலே சொன்னவற்றோடு முரண்படுவதுபோலத் தோன்றலாம். உடற்குறைபாடு தனியே வருவதில்லை என்பதை நினைவில் கொண்டால் முரண் குறையும். அதனோடு வலி, உறக்கமின்மை, வேலையிழப்பு, கடன், பிறர் பார்வையால் வரும் கூச்சம் ஆகியவையும் சேர்ந்து வருகின்றன. காயம் ஆறிய பின்னர் எங்களிடம் திரும்பி வருவோர் பெரும்பாலும் இவற்றைப் பற்றியே பேசுகின்றனர். தழும்பின் நிறத்தைப் பற்றிப் பேசுவோர் அவர்களைவிடக் குறைவு. இவற்றுள் பல, சிகிச்சையாலும் உதவியாலும் குறைக்கத்தக்கவை. ஆகவே "போகப் போகப் பழகிவிடும்" என்று சொல்லி இவற்றை விட்டுவிடக் கூடாது.

தீக்காயத்துக்குப் பின் வரும் அரிப்பு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. புதிய தோல் முதிர்வதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை பலருக்கு அரிப்பு இருக்கும். இரவில் அது கூடும். சிறு தொல்லைதானே என்று எண்ணி அதனை மருத்துவரிடம் சொல்லாமல் விடுகின்றனர். அரிப்பு உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கமின்மை சினத்தையும் சோர்வையும் வளர்க்கிறது. வீட்டில் பேச்சு குறைகிறது. ஈரப்பதம் காக்கும் களிம்பு, மாத்திரை, அழுத்த ஆடை ஆகியவற்றால் அரிப்பைக் குறைக்க இயலும். வலியைப் போலவே அரிப்பையும் ஒவ்வொரு வருகையிலும் சொல்லுங்கள். உறங்குவதற்காக மதுவை நாடுவோரும் உண்டு. மது உறக்கத்தின் ஆழத்தைக் குறைக்கிறது. சில வாரங்களில் மனச்சோர்வையும் கூட்டுகிறது.

கடன் மனத்தில் பிடிக்கும் இடம்

கடன் மனத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கு உலகம் முழுதும் எடுத்துக்காட்டும் ஆய்வு நம் தமிழ்நாட்டில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013 இல் அதனை வெளியிட்டனர். விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அவர்கள் அறுவடைக்கு முன்னும் பின்னும் சந்தித்தனர். கரும்பு விவசாயிக்குப் பெரும்பங்கு வருவாய் ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடை முடிந்ததும் வருகிறது. அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். பின்னர் அது 4 விழுக்காடாகக் குறைந்தது. அதே விவசாயி, அறுவடைக்கு முன் புதிர்களிலும் கவனச் சோதனைகளிலும் குறைந்த மதிப்பெண் பெற்றார். பணம் கைக்கு வந்த பின் கூடுதல் மதிப்பெண் பெற்றார். மனிதர் மாறவில்லை, அறிவும் மாறவில்லை. தவணையும் அடகுமாக மனத்தின் பெரும்பகுதியைப் பணக்கவலை பிடித்துக்கொண்டிருந்தது. மற்றவற்றுக்கு இடம் குறைந்திருந்தது.

நம் பகுதியில் வருவாய் இதைவிடச் சீரானதன்று. தீபாவளியை ஒட்டிய விற்பனையே ஆண்டின் போக்கைத் தீர்மானிக்கிறது. வெயிலில் காய வேண்டிய வேலை மழை நாளில் நின்றுவிடுகிறது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் தடை விதித்ததை அடுத்து, பல ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்ததைக் குடும்பங்கள் மறந்திருக்கமாட்டா. இத்தகைய வாழ்க்கையில் ஒரு விபத்தோ நீண்ட நோயோ நேரும்போது, கடன் கூடுகிறது. அதனைச் சமாளிக்க வேண்டிய மனத்தின் இடம் அந்த அளவுக்குக் குறைகிறது.

மறுபரிசோதனை நாளை மறத்தல், மாத்திரையை விட்டுவிடுதல், படிவத்தைத் தவறாக நிரப்புதல் ஆகியவற்றைக் குடும்பத்தார் அக்கறையின்மை என்று கடிந்துகொள்வதுண்டு. இவை பெரும்பாலும் நிரம்பி வழியும் மனத்தின் அடையாளங்கள். கடிவதற்கு மாற்றாக மனத்தின் பாரத்தைக் காகிதத்துக்கு மாற்றுங்கள். மாத்திரை நேரம், அடுத்த வருகை நாள், தவணை நாள் மூன்றையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் படிவங்களைக் கவனித்துக்கொள்ளட்டும்.

உதவிகளையும் கேட்டுப் பெறுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நீங்கள் சேர்ந்திருக்கிறீர்களா, ஆலையில் உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா, இயக்கக் குறைபாடு நிலைத்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்ற மூன்று கேள்விகளையும் வீடு திரும்பும் முன்பே கேளுங்கள். பணியிடத்தில் ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு பெறுவது சட்டப்படியான உரிமை. இவற்றைப் பணப் பிரச்சினை என்று மட்டும் நாங்கள் கருதுவதில்லை. இவை மனநலச் சிகிச்சையின் பகுதியும் ஆகும்.

நினைவில் நிற்கும் வலி

வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட, அதன் உச்சமும் முடிவும் நினைவில் ஆழப் பதிகின்றன. டொனால்டு ரெடல்மியர், கானமன் இருவரும் 1996 இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடல் உள்நோக்கிச் சோதனைக்கு உட்பட்ட 154 பேரிடம் வலியை நிமிடந்தோறும் கேட்டுப் பதிவு செய்தனர். சிலருக்குச் சோதனை சில நிமிடங்களில் முடிந்தது. சிலருக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. பின்னர் நினைவிலிருந்து வலியை மதிப்பிட்டபோது, நேரத்தின் நீளம் ஏறக்குறையக் கணக்கிலேயே வரவில்லை. மிகக் கடுமையாக வலித்த கணமும் இறுதி நிமிடங்களும் நினைவைத் தீர்மானித்தன.

கட்டு மாற்றும் நாள்களை அஞ்சி நடுங்குவோர்க்கு இது பயன்படும். வலி மருந்தைக் கட்டு மாற்றத் தொடங்கிய பின் கேட்பதைவிட, முன்கூட்டியே பெறுவதால் உச்சம் தணிகிறது. பழைய கட்டு ஒட்டியிருந்தால் நனைத்துப் பொறுமையாக எடுக்கும்படி சொல்லலாம். கட்டு முடிந்தவுடன் படுக்கைக்கு விரையாமல், சில நிமிடங்கள் அமைதியாக அமர்ந்து, விரும்பிய ஒன்றைக் குடித்து, உடனிருப்பவர் பேச்சுக்கொடுக்க, மெல்லத் திரும்பலாம். முடிவு இதமாக இருந்தால் அடுத்த முறை அச்சம் குறையும். குழந்தைகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

உறவுகளின் பங்கு

ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் கொல்கத்தாவின் குடிசைவாசிகள், நடைபாதையில் வாழ்வோர், பாலியல் தொழிலாளர்கள் என 83 பேரைச் சந்தித்து 2001 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒட்டுமொத்த வாழ்க்கையைப் பற்றி அவர்களின் மதிப்பீடு நடுநிலைக்குச் சற்றுக் கீழே இருந்தது. ஆனால் குடும்பம், நண்பர்கள் போன்றவற்றைத் தனித்தனியே கேட்டபோது மதிப்பீடு நடுநிலைக்கு மேலே சென்றது. வறுமை தீங்கற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உறவு இருக்கும் இடத்தில் வறுமையால் எல்லாவற்றையும் பறித்துவிட இயலவில்லை என்றே கொள்ள வேண்டும். 1938 இல் தொடங்கி இன்றும் தொடரும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்விலும், ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டிருந்தவர்கள் எண்பது வயதில் கூடுதல் உடல்நலத்துடன் இருந்தனர்.

உறவினர்களின் வருகை மருந்தாகவும் அமையும், பாரமாகவும் அமையும். "ஐயோ, எப்படி இருந்த முகம்!" என்று சொல்லி அழுபவர் தம் துயரத்தை நோயாளரின் தோளில் ஏற்றிவிட்டுச் செல்கிறார். "கவலைப்படாதே" என்று சொல்வோர் நல்லெண்ணத்துடனேயே சொல்கின்றனர். ஆனால் கவலையைப் பேச வந்தவரின் வாய் அதனால் அடைபடுகிறது. "இன்றைக்கு எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டுவிட்டு, விடை முடியும்வரை குறுக்கிடாமல் இருத்தல் போதும். ஆலை, தெரு, கோவில், கிரிக்கெட் என்று வழக்கமான பேச்சையும் பேசுங்கள். காயத்தைப் பற்றி மட்டுமே பேசப்படுபவர், தாம் காயம் மட்டுமே என்று நம்பத் தொடங்கிவிடுகிறார். வீட்டிலுள்ள கண்ணாடிகளை மறைத்து வைக்க வேண்டாம். முதன்முறை முகத்தைப் பார்ப்பது செவிலியரோ மருத்துவரோ உடனிருக்கும்போது நிகழ்வது நல்லது.

செயல் முன்னே, மகிழ்ச்சி பின்னே

"மனம் சரியானதும் எழுந்து வேலைகளைப் பார்க்கிறேன்" என்று பலர் காத்திருக்கின்றனர். மனச்சோர்வில் வரிசை பெரும்பாலும் இதற்கு எதிராகவே அமைகிறது. செயல் தொடங்கிய பின்னரே மனம் மெல்ல எழுகிறது.

கோவாவில் விக்ரம் பட்டேலின் குழுவினர் இதனைச் சோதித்து 2017 இல் முடிவை வெளியிட்டனர். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடும் மனச்சோர்வு உடையவர்களுக்கு, மருத்துவப் படிப்பு இல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் வழங்கினர். அமர்வுகளின் மையம் ஒன்றே: பொருளுடைய சிறு செயல்களை நாள் குறித்துத் தொடங்குதல். மூன்று மாதங்களுக்குப் பின் இவர்களுள் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களுள் மீண்டவர் 39 விழுக்காட்டினர்.

வீட்டில் இதனைத் தொடங்குவது எளிது. நாளைக்கு ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். அது பத்து நிமிடங்களில் முடிவதாக இருக்கட்டும். செடிக்கு நீர் ஊற்றுதல், பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தல், கீரை ஆய்தல், கடைவரை நடத்தல் என எதுவாகவும் இருக்கலாம். எப்போது செய்வது என்று நேரம் குறியுங்கள். விருப்பம் வரும்வரை காத்திராமல் அந்த நேரத்தில் செய்யுங்கள். வேலைக்குப் போன கைகளுக்கு, பிறர்க்குப் பயன்படும் ஒரு செயல் கிடைப்பது மிகவும் இன்றியமையாதது. ஆகவே, அன்பின் மிகுதியால் நோயாளரின் எல்லா வேலைகளையும் நீங்களே செய்துவிடாதீர்கள்.

துயரம் எப்போது நோயாகிறது?

இழப்புக்குப் பின் அழுவதும், உண்ண மனமின்றி இருப்பதும் இயல்பு. ஆனால் பெரும்பாலான நேரம் சோர்வு, எதிலும் ஈடுபாடின்மை, உறக்கக் கேடு, பசியின்மை, தம்மையே பழித்துக்கொள்ளுதல், கவனம் நில்லாமை, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றுள் பல சேர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது சிகிச்சைக்குரிய மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பயன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அவை தூக்க மாத்திரைகளைப் போல் அடிமைப்படுத்துவதில்லை. எனினும் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தக் கூடாது.

விபத்தைக் கண்டவர்களுக்கு வேறொரு துன்பமும் நேரலாம். நடந்தது மீண்டும் மீண்டும் கண்முன் தோன்றுதல், கனவில் அலறி எழுதல், வெடிச் சத்தத்துக்கோ மருந்து வாடைக்கோ உடல் நடுங்குதல், ஆலைப் பக்கமே போக இயலாமை ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் வாருங்கள். வெடிச் சத்தம் ஓயாத நம் பகுதியில் இவர்கள் படும் பாடு வெளியே தெரிவதில்லை. தீபாவளி நாள்கள் அவர்களுக்கு மிகவும் கடினமானவை. உடலில் காயம் இல்லாதவர்க்கும் இது வரும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆலையில் வேலை செய்யாமல், உதவ ஓடிச் சென்றவர்களும் அவ்விபத்தில் சிக்கினர். அத்தகைய நாளில் உயிர் பிழைத்தவர், உடலைச் சுமந்தவர், தொலைவில் நின்று பார்த்தவர் ஆகிய எவருக்கும் பின்னாளில் உதவி தேவைப்படலாம். இது கோழைத்தனம் அன்று.

சாவைப் பற்றி ஒருவர் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. சொல்ல முடியாமல் இருந்தவருக்கு வழி திறக்கிறது. அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்து, மாத்திரைகள் ஆகியவற்றைக் கைக்கு எட்டாமல் வைத்து, உடனே அழைத்து வாருங்கள். டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416, அது இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

பராமரிப்பவரின் மனம்

நோயாளரைப் பற்றிச் சொன்ன அனைத்தும் உடனிருப்பவருக்கும் பொருந்தும். மாதக்கணக்கில் உறக்கம் கெட்டு, கூலி இழந்து, வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் அலைபவருக்கும் மனச்சோர்வு வரும். சிரித்துப் பேசினாலே குற்றவுணர்வு கொள்ளும் தாய்மார்களை நாங்கள் காண்கிறோம். நீங்கள் ஒரு பொழுது ஓய்வெடுத்தால் நோயாளருக்கு எந்தக் குறையும் நேராது. வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் வந்து இருக்கட்டும். இதனைக் கேட்கத் தயங்கும் பெண்களுக்காக, குடும்பத்தின் மூத்தவர்கள் தாமே முன்வந்து முறை வைத்துக்கொள்வது நல்லது.

வீடு திரும்பும் முன்

பெயர்ச்சீட்டைக் கையில் வாங்கும் நாளில் பின்வரும் ஐந்துக்கும் விடை இருக்கிறதா என்று பாருங்கள்.

1. வலிக்கும் அரிப்புக்கும் என்ன மருந்து, எப்போது?
2. இரவில் எத்தனை மணி நேரம் உறக்கம் வருகிறது? குறைவென்றால் மருத்துவரிடம் சொல்லியாயிற்றா?
3. காப்பீடு, இழப்பீடு, கடன் ஆகியவற்றைப் பற்றி யாரிடம் பேசுவது?
4. நாளை காலை நோயாளர் செய்யப்போகும் பத்து நிமிட வேலை எது?
5. மனம் தாங்காத இரவில் யாரை அழைப்பது?

மறுபரிசோதனைக்கு வரும்போது புண்ணைக் காட்டுவதோடு இந்த ஐந்தையும் சொல்லுங்கள். மனநல வெளிநோயாளிப் பிரிவுக்கு வரத் தனிச் சீட்டு தேவையில்லை. உங்களைக் கவனிக்கும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொன்னால், அன்றைக்கே எங்களிடம் அழைத்து வருவார்கள்.